கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து லேப்டாப் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்தது. நான்கு கோர் உள்ளதைவிட எட்டு கோர் உள்ளது இரண்டு மடங்கு வேகம் என்று அதில் எழுதியிருந்தார்கள். பிராசசர் என்கிற கணக்குச் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்; ஒவ்வொன்றும் ஒரு பிராசசர் மாதிரி. மறுநாள் காலை நான் கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோவில்வெண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்துவிட்டார். மகளுக்கு இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருக்கிறது. உளுந்து விற்ற பணம் நாற்பதாயிரம் கையில் இருக்கிறது. "எட்டு கோரு இருக்கணும் தம்பி, மத்தது எதுவா இருந்தாலும் பரவாயில்லை" என்றார். அவர் பார்த்து வைத்திருந்த மாடலில் எட்டு கோர் இருந்தது. மெமரி 4 ஜிபி.

அவருடைய அந்த "மத்தது எதுவா இருந்தாலும்" என்ற பேச்சுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நீடாமங்கலத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. பிராசசர் எத்தனை இருந்தாலும் அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது கெர்னல் என்கிற உள்நிரல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமனை அது. அங்கே வரிசை நின்றால் எட்டு கோர் இருந்தும் பயனில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

1994-இல் கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். விண்டோஸ் 3.1. ஒரு பத்திரிகையைப் பிரிண்டருக்கு அனுப்பினால் திரையில் மணல்கடிகாரம் வந்து நிற்கும். அது போகும் வரை அடுத்த பத்திரிகையைத் தொட முடியாது. ஆவணி முகூர்த்த நேரத்தில் வாசலில் ஆட்கள் காத்திருக்க, நான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடும் என்று சொல்லித்தான் அந்தக் கணினியை விற்றிருந்தார்கள். ஓடுவது உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு பிராசசர் கிடைக்கும். விட்டுக்கொடுக்காத நிரலை நிறுத்திவிட்டு இன்னொன்றை உள்ளே விட அந்த விண்டோஸுக்கு அதிகாரம் இல்லை. ஆப்பிளின் மேக் கணினிகளும் 2001-இல் ஓஎஸ் எக்ஸ் வரும் வரை இப்படித்தான் இருந்தன.

விண்டோஸ் 95 வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. கடிகாரம் வைத்து, சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும் நிரலை நிறுத்தி அடுத்ததை ஓடவிடும் அதிகாரம் கெர்னலுக்கு வந்தது. ஆனால் பழைய 16 பிட் நிரல்களும் ஓட வேண்டுமே என்பதற்காக உள்ளே ஒரு பொதுப்பூட்டை வைத்திருந்தார்கள். பழைய நிரல் ஒன்று அந்தப் பூட்டைப் பிடித்தபடி உறைந்துபோனால் மொத்தத் திரையும் உறையும். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்திப் பழகிய தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும். கணினி பழுது என்று நினைத்து எத்தனை பேர் மெமரியை மாற்றினார்கள், போர்டை மாற்றினார்கள்! பழுது எதுவும் கிடையாது, ஒரு பூட்டுதான்.

அப்புறம் 2000-இல் ஒரு அரிசி ஆலை. வெளியூர்க் கடை ஒன்றில் இரண்டு பென்டியம் 3 பிராசசர் பொருத்திய கணினியை வாங்கி வந்திருந்தார்கள். சாதாரணக் கணினியைவிட விலை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆறு மாதம் ஆகியும் பில் போடுவது பழைய வேகத்தில்தான் இருந்தது என்று என்னைக் கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தால் இரண்டு பிராசசருக்கும் விசிறி சுற்றுகிறது. விற்றவர்கள் அதில் போட்டிருந்தது விண்டோஸ் 98. அந்தக் குடும்பத்து விண்டோஸுக்கு, 95 ஆகட்டும் 98 ஆகட்டும், இரண்டாவது பிராசசர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆறு மாதமாக அது மின்சாரம் குடித்து, சூடாகி, ஒரு வேலையும் செய்யாமல் கிடந்திருக்கிறது. ஆலை முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

விண்டோஸ் 2000 போட்டுக் கொடுத்தேன். கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பிராசசருக்கு ஒன்றாக இரண்டு கட்டம் தெரிந்தது. ஆனால் பில் வேகம் கூடவில்லை! அவர்களுடைய கணக்கு நிரல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது, ஒரு நேரத்தில் ஒரு பிராசசரில்தான் ஓடும். எவ்வளவு தேடினாலும் அதை இரண்டாகப் பிரிக்க வழியில்லை. அதோடு, யாராவது விசையை அழுத்தினார்களா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் டாஸ் நிரல்களுக்கு உண்டு. அதனால் யாரும் எதுவும் அடிக்காத நேரத்திலும் ஒரு கட்டம் நூறு சதவீதத்தில் நின்றது. ஒரே ஒரு நன்மை கிடைத்தது. ஒரு பிராசசரை அந்தக் கணக்கு நிரல் பிடித்துக்கொண்டாலும், இன்னொன்றில் கடிதம் அடிக்க, விலைப்பட்டியல் போட முடிந்தது. இரண்டு பிராசசர் கொடுத்தது அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கழித்து இன்று லேப்டாப் வாங்குகிறவருக்கும் கோர்கள் கொடுப்பது பெரும்பாலும் இதே நன்மைதான்: ஒரு வேலை வேகமாக முடியாது, பல வேலைகள் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கும்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லஸ்கர். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது அல்லவா, அதில் கோரையாற்றுப் பக்கம் ஒரு வாய்க்காலில் ஐந்து மதகுகள் அவர் பொறுப்பு. ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கைப்பிடி. ஷட்டர் சாவி என்போம். ஐந்து மதகுக்கும் சேர்த்து ஒரே சாவி. சாவி கையில் இல்லாதவர் ஷட்டரைத் தொட முடியாது. அதனால் ஆளுக்கொரு பக்கம் திறந்துவிட்டுக் கரையை உடைக்கும் பேச்சே கிடையாது. யோசித்துச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் முறைத் தண்ணீர் வரும் நாளில் அப்பா முதல் மதகில் நிற்கும்போது, ஐந்தாம் மதகில் ஆட்கள் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இன்னும் பத்து பேரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் தண்ணீர் வராது. சாவி வர வேண்டும்.

விண்டோஸ் போல லினக்ஸும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அது முதன்முதலில் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களில் ஓடியது 1996-இல் வந்த 2.0 பதிப்பில். அதை எழுதியவர்கள் செய்ததும் இதே ஒற்றைச் சாவி ஏற்பாடுதான். பெயரே பிக் கெர்னல் லாக், அதாவது கெர்னலுக்கே பொதுவான பெரிய பூட்டு. இரண்டு பிராசசர்கள் ஒரே பட்டியலை ஒரே நொடியில் திருத்தினால் பட்டியல் சிதைந்துவிடும், கணினி விழுந்துவிடும். அதைத் தடுக்க, கெர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். ஒரு பிராசசர் ஒரு கோப்பைத் திறக்க உள்ளே போயிருந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு வேலையாக வந்த இன்னொரு பிராசசரும் வாசலில் நிற்கும். சும்மாவும் நிற்காது. பூட்டு திறந்ததா, திறந்ததா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் அது கடுமையாக உழைப்பதுபோலத் தெரியும்.

1999-இல் 2.2, 2001-இல் 2.4 என்று ஒவ்வொரு பதிப்பிலும் அந்தப் பெரிய பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சிறிய பூட்டுகளாக்கினார்கள். கடைசித் துண்டு நீங்கியது 2011 மே மாதம், 2.6.39 பதிப்பில். பதினைந்து வருடம்! உலகம் முழுக்கத் திறமைசாலிகள் வேலை செய்தும் ஏன் இத்தனை காலம் என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. பூட்டை எடுப்பது பெரிய காரியம் இல்லை. அந்தப் பூட்டு எதையெல்லாம் காத்து நின்றது என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை, அதுதான் சிக்கல். கருவிகளை இயக்கும் பழைய டிரைவர் நிரல்களை ஒவ்வொன்றாகப் படித்து, இந்த இடத்தில் பூட்டு இல்லாவிட்டால் எது உடையும் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஜெயன்ட் என்ற பெயரில் இதே மாதிரி ஒரு பூட்டு இருந்தது.

சாவியைப் பலவாக்கினால் வேறு தலைவலி. கோப்புப் பூட்டைப் பிடித்தவர் மெமரிப் பூட்டுக்குக் காத்திருக்க, மெமரிப் பூட்டைப் பிடித்தவர் கோப்புப் பூட்டுக்குக் காத்திருக்க, இருவரும் அப்படியே நிற்பார்கள். டெட்லாக் என்பது இதுதான். பூட்டே இல்லாத இடத்திலும் ஒரு இடைஞ்சல் உண்டு. மெமரியில் உள்ளதை கோர்கள் தங்கள் பக்கத்திலேயே உள்ள கேஷ் என்ற சிறு மெமரியில் பெரும்பாலும் 64 பைட் துண்டுகளாக வைத்துக்கொள்கின்றன. இரண்டு கோர்கள் ஒரே துண்டுக்குள் வேறு வேறு எண்ணை எழுதினாலும் அந்தத் துண்டு இங்கேயும் அங்கேயுமாக அலைந்துகொண்டிருக்கும். நிரல் சரியாகத்தான் ஓடும், வேகம் மட்டும் விழுந்துவிடும்.

சரி, நான்கு கோரும் எட்டு கோரும் கணக்கு என்ன? ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-இலேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் எந்தப் பகுதியைப் பங்கு போட முடியாதோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை. நடவு நாளில் எட்டுப் பெண்கள் நடுகிறார்கள், நாற்று முடியைக் கொண்டுவந்து வீச ஒரே ஆள் என்றால் என்ன ஆகும் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோரில் வேகம் சுமார் 3.1 மடங்கு. எட்டு கோரில் 4.7 மடங்கு. ஆயிரம் கோர் வைத்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பாதி வேலை பிரிக்க முடியாதது என்றால் நான்கு கோரில் 1.6 மடங்கு, எட்டு கோரில் 1.78 மடங்கு. இரண்டு மடங்கு என்று உங்கள் கட்டுரை சொன்னது எங்கே, இந்த 1.6-க்கும் 1.78-க்கும் உள்ள இடைவெளி எங்கே? அந்த இடைவெளிக்காகத்தான் அந்த விவசாயி தன் உளுந்துப் பணத்தைக் கொடுக்கவிருந்தார்.

வரிசை நிற்பது மட்டும் பிரச்சினை இல்லை, வரிசையில் யார் முன்னால் என்பதும் பிரச்சினை. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி திடீர் திடீரென்று தன்னைத்தானே அணைத்துத் தொடங்க ஆரம்பித்தது. காரணம் பிற்பாடு தெரிந்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்நிலை வேலை ஒன்று ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தகவல் பாதையை நிர்வகிக்கும் மிக அவசரமான வேலை அந்தப் பூட்டுக்குக் காத்திருந்தது. இதற்கிடையில் நடுத்தர முக்கியத்துவம் உள்ள தகவல்தொடர்பு வேலை வந்து, கீழ்நிலை வேலையை ஓரம் தள்ளிவிட்டுத் தான் ஓடியது. பூட்டைப் பிடித்தவர் ஓட முடியாததால் பூட்டை விட முடியவில்லை. அவசர வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை என்று பார்த்த காவல் நிரல் மொத்தக் கணினியையும் மறுபடி தொடங்கியது.

இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஏனென்றால் இதே சம்பவத்தை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐப்பசி அடைமழை. அன்று காலை ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் தடவச் சொல்லி உதவியாள் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார் அப்பா. அவசரமே இல்லாத வேலை. மழை பிடித்துக்கொண்டது, வடிகால் மதகை உடனே தூக்க வேண்டும், சாவி இல்லை. அந்த அண்ணனை வழியில் ஒருவர் நிறுத்தி, அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று பந்தலுக்கு நாற்காலி தூக்க விட்டிருக்கிறார். சாவி அண்ணன் பையில். அப்பா மதகின் மேல் நனைந்தபடி நிற்கிறார், நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் மூழ்குகிறது. அப்பா என்னை ஓடவிட்டார். "லஸ்கர் வேலை நிக்குதுன்னு சொல்லு, அவன் இப்ப செய்யுறது என் வேலைன்னு சொல்லு" என்றார். அந்த வார்த்தையைச் சொன்னதும் அண்ணனை விட்டுவிட்டார்கள். இருந்தும் நாலு மா பயிர் போய்விட்டது.

பூமியில் இருந்த பொறியாளர்கள் பாத்ஃபைண்டருக்குச் செய்த தீர்வும் அதுவேதான். தங்களிடம் இருந்த அதே மாதிரி இன்னொரு கருவியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, ஒரு திருத்தத்தை செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ஒரு பூட்டைப் பிடித்திருப்பவர், அதற்குக் காத்திருக்கும் பெரியவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவார். பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்று அதற்குப் பெயர். அந்த வசதி அவர்களுடைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் முன்பே இருந்தது, அந்தப் பூட்டுக்கு அதை இயக்காமல் விட்டிருந்தார்கள். உங்கள் மாணவர் பக்கத்தில் இதை ஒருமுறை எழுதுங்கள். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் இருக்கிறது, பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பூட்டைப் பிடித்தவன் நிற்க, அவசரக்காரன் காத்திருந்த கதையை ஒருமுறை கேட்டால் அவர்களுக்கு மறக்காது.

இதெல்லாம் பழைய கதை, இன்று சரியாகிவிட்டது என்று யாராவது சொல்லலாம். 2016-இல் ஆய்வாளர்கள் சிலர் லினக்ஸ் கெர்னலின் ஷெட்யூலரை, அதாவது முறை வைக்கும் பகுதியை, 64 கோர் கணினியில் வைத்து ஆராய்ந்தார்கள். சில கோர்களின் வாசலில் வேலைகள் வரிசை கட்டி நிற்க, வேறு கோர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்ததைக் கண்டார்கள். தலைமடையில் தளும்பி நிற்கும்போது கடைமடை காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. 2023-இல் லினக்ஸ் தன் ஷெட்யூலரின் கணக்கு முறையையே மாற்றியது. சொன்ன நேரத்துக்குள் வேலை தொடங்கியே தீர வேண்டும் என்கிற உடனடி இயக்க வசதி ஏறக்குறைய இருபது வருட முயற்சிக்குப் பிறகு 2024-இல்தான் முதன்மை லினக்ஸில் முழுதாகச் சேர்ந்தது. இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை இது.

அதோடு இப்போது கோர் எல்லாம் ஒரே அளவும் இல்லை. பல செல்போன்களில் எட்டு கோர் என்றால் இரண்டு பெரியது, ஆறு சிறியது. 2022 தொடக்கத்திலிருந்து பல இன்டெல் லேப்டாப் பிராசசர்களும் இப்படித்தான். ஐ5-1235யு-வில் பத்து கோர் என்று போட்டிருக்கும், அதில் பெரியது இரண்டுதான். ஐ3-என்305-இல் எட்டும் சிறியது. எந்த வேலையைப் பெரிய கோருக்கு அனுப்புவது, எதைச் சிறியதற்கு அனுப்புவது என்பதும் கெர்னலின் தலையில்தான். பெட்டியின் மேல் இருக்கும் அந்த ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது.

கோவில்வெண்ணி விவசாயியிடம் இத்தனையும் சொல்லவில்லை. ஒரு காரியம் செய்தேன். கடையில் இருந்த 4 ஜிபி கணினியில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து, அவர் மகள் கல்லூரியில் பயன்படுத்தப்போகும் மாதிரி ஒரு நிரலையும் திறந்து காட்டினேன். டாஸ்க் மேனேஜரில் கோர்கள் எல்லாம் அடிமட்டத்தில் கிடந்தன. மெமரி நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் நூறு சதவீதத்தில் அடித்துக்கொண்டது. மெமரி போதாததால் கெர்னல் அதில் இருந்ததைத் துண்டு துண்டாக டிஸ்க்கில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. கோர்கள் எல்லாம் அந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்தன. "வரிசை இங்கதான் நிக்குது ஐயா" என்று திரையில் கைவைத்துக் காட்டினேன். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். கோர் குறைந்த, 16 ஜிபி மெமரியும், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பும் உள்ள ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். கையில் இரண்டாயிரம் மிச்சம்.

உங்கள் இணைப்பிதழைப் படித்த எல்லாரும் என் கடைக்கு வரப்போவதில்லை. கவுன்சிலிங் முடிந்து மன்னார்குடியிலும் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் கடைகளில் கூட்டம் நிற்கிற வாரம் இது. அதனால் வருகிற ஞாயிறே, அதே பக்கத்தில், எட்டு கோர் இரண்டு மடங்கு வேகம் என்ற வரி தவறு என்று திருத்தம் போடுங்கள். மெமரி எவ்வளவு, எஸ்எஸ்டி இருக்கிறதா, கோரில் பெரியது எத்தனை சிறியது எத்தனை என்று கேட்டு வாங்கச் சொல்லி நான்கு வரி சேருங்கள். அரிசி ஆலையிலிருந்து வந்த அந்த இரண்டு பிராசசர் போர்டு இன்னும் என் மேசையடியில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. படம் எடுக்க வேண்டுமானால் உங்கள் நிருபரை அனுப்புங்கள். விண்டோஸ் 98 போட்டு ஒருமுறை, விண்டோஸ் 2000 போட்டு ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.